பின் பட்டை ஹேங்கர் ஓட்டை நீண்டுபோச்சு: மாத்தவா, பத்தவைக்கவா? (எம்.எம். 540, வாலிநோக்கம்)

உப்பளத்து ஜீப்:

வண்டி மகிந்திரா எம்.எம். 540, முன்னும் பின்னும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). வாலிநோக்கம் உப்பளக் கரைகள்லயும் கடற்கரை மணல்லயும்தான் ஓட்டம். பம்புசெட்டு, ஐஸ் பெட்டி, டீசல் கேன்னு 350 கிலோ வரைக்கும் ஏறும்.

கிளட்ச் விடும்போது பின்னால இடது பக்கம் 'டக்'குன்னு ஒரு சத்தம். பிரேக் போட்டா இன்னொரு தடவை. தார் ரோட்டுல 50க்கு மேல போனா பின்பக்கம் தனியா இழுக்குது. பக்கவாட்டுல நின்னு பார்த்தா இடது பின் சக்கரம், வலதைவிட ஒரு விரல் கனம் பின்னால நிக்குது.

இடது பின் பட்டையோட முன்முனை, அதாவது ஷாக்கிள் (ஆடுற இணைப்பு) இல்லாத நிலையான முனை, அங்கதான் ஆட்டம். நட்டு கழண்டு வந்துருச்சு, போல்ட் அசையல. பட்டை முனைக் கண்ணுல இருக்குற ரப்பர் புஷ்ஷோட உள்குழாயும் அதுவும் துருப்பிடிச்சு ஒண்ணாயிருக்கு. வாஷரை நகட்டிப் பார்த்தா ஹேங்கர் (பட்டையைச் சட்டத்தோட பிடிக்கிற தாங்கி) காது ஓட்டை முட்டை வடிவமா நீண்டிருக்கு. பின்னால ஷாக்கிள் பட்டைகளும் தேஞ்சிருக்கு.

ஒருத்தர் புது போல்ட் போட்டுத் தலையை ஹேங்கரோட வெல்டு வச்சுரலாம்னு சொல்றார். படகு வேலை செய்றவர் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டா இனிமே துருவே வராதுங்கிறார். எது சரி? புஷ் ரப்பரா, பாலியூரிதேனா? எதுல தொடங்கி எதுல முடிக்கணும்?

கீழக்கரை லேத்:

தம்பி, ரெண்டையும் செய்ய வேணாம். ஓட்டை ஏன் நீண்டுச்சுன்னு முதல்ல பிடிபடணும், இல்லன்னா புது ஹேங்கரும் ஒரே வருஷத்துல இதே கதியாயிரும்.

ரப்பர் புஷ் போட்ட பட்டையில போல்ட் ஒரு அச்சு மாதிரி சுத்தவே கூடாது. நட்டை முறுக்கினா ஹேங்கரோட ரெண்டு காதும் நடுவுல இருக்குற உள்குழாயை இறுக்கிப் பிடிக்கும். போல்ட், குழாய், காது மூணும் ஒரே கட்டி மாதிரி நிக்கணும். பட்டை ஏறி இறங்கும்போது திருகுறது ரப்பர் மட்டும்தான். எடையைத் தாங்குறது அந்த இறுக்கம். அது போன நிமிஷமே குழாய் காதுமேல உரசும், போல்ட் ஓட்டைக்குள்ள முன்னும் பின்னும் அடிக்கும். வண்டியைத் தள்ளுற விசை, பிரேக் விசை எல்லாம் அந்த நிலையான முனை வழியாத்தான் சட்டத்துக்குப் போகுது. அதான் ஓட்டை படுக்கைவாக்குல நீளுது.

நம்ம கடற்கரையில இறுக்கம் போறதுக்குப் பெரும்பாலும் காதோட உள்முகம்தான் காரணம். குழாய் முனைக்கும் காதுக்கும் நடுவுல துரு அடுக்கடுக்கா ஏறும். நட்டு இறுக்கமா இருக்குற மாதிரியே இருக்கும். ஒரு நாள் அந்தத் துரு உதிரும், உதிர்ந்த கனத்துக்குத் தளர்ச்சி. உள்முகத்துல தடிப்பா பெயின்ட் அடிச்சாலும் இதேதான், பெயின்ட் நசுங்கி வழிஞ்சுரும்.

மத்த மூட்டு எல்லாத்தையும் கழட்டாமலே பார்க்கலாம். போல்ட் தலையைச் சுத்திக் குங்குமம் தூவின மாதிரி செந்தூள் இருந்தா உள்ள உரசல் நடக்குது. வாஷருக்கு அடியில வளையமா பளபளன்னு தேஞ்சிருந்தாலும் அதேதான். குழாய் முனையிலிருந்து காதுக்குச் சாக்பீஸ்ல ஒரே கோடா இழுத்துவிட்டு 5 கி.மீ. ஓட்டுங்க. கோடு உடைஞ்சிருந்தா குழாய் சுத்துது. ஓட்டை நீளாத போல்ட் எல்லாத்தையும் இப்படிப் பார்த்துருங்க.

இன்னொண்ணு, கிளட்ச் விடும்போது வர்ற 'டக்' புரொப்பெல்லர் ஷாப்ட் கிராஸ்லயும் (யுனிவர்சல் ஜாயின்ட்) வரும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டு ஷாப்டைக் கையால ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. கிராஸ் கப்புல ஆட்டம் தெரிஞ்சா அது தனி வேலை.

சிக்கின போல்ட்டைச் சுத்தியலால அடிக்காதீங்க. மரை மழுங்கும், காது வளையும். கேஸ் வச்சுச் சூடாக்கினா ரப்பர் பத்தும், பட்டையோட பதமும் போகும். கிரைண்டர்ல 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் போட்டு, பட்டைக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் அறுத்துருங்க. குழாயும் போல்ட்டும் சேர்ந்தே அறுந்து, பட்டை இறங்கிரும். இடைவெளி பத்தலைன்னா ஹாக்ஸா பிளேடை மட்டும் கழட்டித் துணி சுத்திப் பிடிச்சு அறுக்கணும். பட்டைக் கண்ணுல டிஸ்க் கீறல் விழவே கூடாது, பின்னாடி அந்தக் கீறல்லதான் பட்டை வெடிக்கும்.

அறுக்கிறதுக்கு முன்னாடி சட்டத்தை ஹேங்கருக்கு முன்னால ஸ்டாண்டுல நிறுத்தி, ஆக்ஸிலுக்கு அடியில தனி ஜாக்கி கொடுங்க. பட்டை மேலயும் தள்ளாம கீழயும் தொங்காம இருக்குற உயரத்துல அறுத்தா டிஸ்க் பிடிக்காது. மணல்ல ஸ்டாண்டு நிக்காது, சிமென்ட் தரைக்குக் கொண்டுபோயிருங்க.

கழட்டினதும் நாலு அளவு போடுங்க: ரெண்டு காது ஓட்டையும் நீளம் அகலம், காது இரும்போட கனம், ரெண்டு காதுக்கும் நடுவுல இடைவெளி, புதுப் புஷ் உள்குழாய் நீளம். வெல்டா மாத்தலான்னு அந்த அளவுதான் சொல்லும்.

பரமக்குடி பட்டை:

லேத் காக்கா (அண்ணன்) ஓட்டையைப் பத்திச் சொல்லிட்டார். ஆனா சக்கரம் ஒரு விரல் பின்னால நிக்குதுன்னா ஓட்டை மட்டும் காரணமா இருக்காது. 12 மி.மீ. போல்ட்டுக்கு ஓட்டை 15 ஆனாலும் ஆக்ஸில் நகர்றது 2, 3 மி.மீ.தான். மிச்சம் சென்டர் போல்ட்டுல இருக்கும்.

பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டோட தலை, ஆக்ஸில் மேல இருக்குற மேடையில ஒரு குழியில உட்காரும். அது இடம் காட்ட மட்டும்தான். ஆக்ஸிலைப் பட்டையோட பிடிச்சிருக்கிறது யூ போல்ட் இறுக்கம். யூ போல்ட் தளர்ந்தா மொத்த விசையும் சென்டர் போல்ட் கழுத்துக்கு வந்து அது வளையும், இல்ல அறுந்துரும். அறுந்தாலும் தலை குழிக்குள்ளயே இருக்கிறதால வெளியில தெரியாது. யூ போல்ட்டைக் கழட்டாம கண்டுபிடிக்க ஒரே வழி, முன் ஆக்ஸில்லிருந்து பின் ஆக்ஸில் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிக்கிறது. 5 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா பட்டையை இறக்கித்தான் ஆகணும்.

சென்டர் போல்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சி கிளாம்ப் போட்டு முறுக்கிக்கோங்க. பட்டைகள் ஒண்ணை ஒண்ணு அழுத்திக்கிட்டு இருக்கும், கிளாம்ப் இல்லாம நட்டை எடுத்தா மேல பாயும். புது போல்ட் போட்டதும் கிளாம்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.

பின்பக்கம் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்க. ஒரு பக்கம் மட்டும் புது ரப்பர் போட்டா அடுத்த பக்கம் சீக்கிரம் வேலைக்கு வரும். ஒரு பட்டைக்கு மூணு மூட்டு: நிலையான முனை, ஷாக்கிள் கீழ், ஷாக்கிள் மேல். ஆக 6 புஷ், 6 போல்ட், 6 நைலாக் நட்டு, 12 கெட்டி வாஷர், 4 ஷாக்கிள் பட்டை, 4 யூ போல்ட், அதுக்கு 8 நட்டு, 2 சென்டர் போல்ட். சில செட்டுல புஷ் ரெண்டு பாதியா வரும், அப்ப 12 துண்டு. பழசைக் கையில கொண்டுபோய் கண்ணோட உள்விட்டத்தைக் காட்டி வாங்குங்க.

யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க, ஒரு தடவை இழுபட்டது மறுபடி அதே இறுக்கத்தைத் தராது. சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பியைச் சூடாக்கி வளைச்சு, மரை வெட்டித் தர்றதையும் வாங்காதீங்க. அது நீண்டுக்கிட்டே இருக்கும், எத்தனை தடவை முறுக்கினாலும் ஒரு வாரத்துல தளரும்.

பழைய புஷ் எடுக்க, ரப்பரைத் துரப்பணத்தால ஓட்டை போட்டுக் குதறி எடுத்துட்டு, கண்ணுக்குள்ள ஒட்டியிருக்கிற வெளிச்சட்டையை ஹாக்ஸா பிளேடால உள்ளிருந்து ஒரே கோடா அறுங்க. சட்டை கனம் மட்டும் அறுந்தா போதும், கடைசி இழையை உளியால மடக்கினா தளர்ந்து வந்துரும். புது புஷ்ஷைச் சுத்தியலால அடிச்சா சட்டை கோணிரும். 14 மி.மீ. ஹைடென்சில் ஸ்டட், ரெண்டு நட்டு, ஒரு முனையில கண்ணைவிட அகலமான குழாய்த் துண்டு, மறு முனையில சட்டை விளிம்பில மட்டும் உட்கார்ற வாஷர். இது போதும், நட்டை முறுக்க முறுக்க நேரா ஏறும். சோப்புத் தண்ணி தடவுங்க. ஆயிலோ கிரீஸோ தடவினா ரப்பர் ஊதும்.

பாலியூரிதேன் வேணாம்னு சொல்லல. ஆனா அதுல குழாய் புஷ்ஷுக்குள்ள சுத்தும். சிலிக்கான் கிரீஸ் வத்திப்போனா கீச்சுன்னு கத்தும், நடுவுல மணல் புகுந்தா குழாயை அரைச்சுத் தின்னுரும். உப்பளச் சகதியில ஓடுற வண்டிக்கு ரப்பர்தான் என் பரிந்துரை.

இப்ப முக்கியமானது. ரப்பர் புஷ் போல்ட்டை ஜாக்கியில தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்காதீங்க. நட்டைக் கையால விட்டு வச்சு, வண்டியைத் தரையில இறக்கி, வழக்கமான சுமையில பாதியை ஏத்தி, நாலு தடவை குலுக்கிட்டு அப்புறம் முறுக்கணும். தொங்கும்போது முறுக்கினா, வண்டி சும்மா நிக்கிறப்பவே ரப்பர் திருகின நிலையில இருக்கும். பள்ளத்துல இறங்கினா இன்னும் திருகிக் கிழியும். ஆறு மாசத்துல புஷ் போச்சுன்னு சொல்ற பாதிப் பேர் வண்டியில நடக்கிறது இதுதான்.

யூ போல்ட் நட்டு நாலையும் குறுக்குக்குக் குறுக்கா, மூணு சுற்றா ஏத்துங்க. எண்ணெய் படாத 8.8 வலுத் தரப் போல்ட்டுக்குப் பொதுக்கணக்கு 12 மி.மீ. மரைக்கு 80 நியூட்டன் மீட்டர், 14க்கு 130 பக்கம். மரையில கிரீஸ் இருந்தா ஐந்தில் ஒரு பங்கு குறைங்க. வண்டிக் கையேட்டுல வேற எண் இருந்தா அதுதான் சரி. டார்க் ரெஞ்ச் இல்லன்னா மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு போதும். நட்டு மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி ஸ்பேனர்ல கொக்கியை மாட்டி, நேர்க்கோணத்துல 20 கிலோ காட்டுற வரைக்கும் இழுத்தா 80 நியூட்டன் மீட்டர் வந்துரும். 14க்கு 33 கிலோ.

மண்டபம் டீசல்:

ஸ்டெயின்லெஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். படகில் அது நன்றாக நிற்பதால் இங்கே பலரும் ஜீப்பிலும் போடுகிறார்கள். மூன்று காரணங்களால் அது தவறு.

முதலாவது வலு. 8.8 தரப் போல்ட் 640 மெகாபாஸ்கலில்தான் நிரந்தரமாக நீளத் தொடங்கும், 800 வரை அறாது. கடைகளில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450லேயே நீளத் தொடங்கிவிடும். அதாவது அதே அளவுப் போல்ட்டால் அந்த உள்குழாயை அதே அழுத்தத்தில் பிடித்துவைக்க முடியாது. காக்கா சொன்ன இறுக்கமே இல்லாமல் போகும்.

இரண்டாவது, புஷ் குழாய்க்குள் காற்றுப் புகாத இடுக்கு. ஸ்டெயின்லெஸ்ஸைக் காக்கும் மெல்லிய படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்ஸிஜன் வேண்டும். உப்புநீர் தேங்கிய இடுக்கில் அது கிடைக்காது. வெளியே தலை வெள்ளியாக மின்னும், உள்ளே தண்டில் ஊசி குத்தியது போலக் குழிகள் விழுந்திருக்கும். மூன்றாவது, ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினால் மரை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பாதியிலேயே நின்றுவிடும். இறுகிவிட்டது என்று நினைப்போம், இறுகியிருக்காது.

துத்தநாகப் பூச்சுள்ள 8.8 போதும். அதைப் பாதுகாப்பதில்தான் கவனம் வேண்டும். போல்ட் தண்டில், அதாவது மரை இல்லாத பகுதியில், மெரைன் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். படகு எஞ்சின் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், உப்புநீரில் எளிதில் கழுவிப் போகாது. ரப்பரில் படாமல் துடைத்துவிடுங்கள். முறுக்கி முடித்த பிறகு வெளியே தெரியும் மரைக்கும் தலைக்கும் மெழுகுத் துருத்தடுப்பான் அடியுங்கள். கழிவு ஆயில் வேண்டாம். ரப்பரை ஊதவைக்கும், மணலைப் பிடித்து அரைக்கும் பசையாகும், சொட்டுவது கடலுக்குத்தான் போகும்.

உப்பளச் சேறு கடற்கரை மணலைவிட மோசம். உப்பு எடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு அதிகம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் ஈரம் போகாது. அன்றன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, அதில் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம். குடம் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் வெளியே ஊற்றி வீணாக்காமல் ஹேங்கர், ஷாக்கிள், யூ போல்ட் தட்டு, சட்டத்தின் உட்புறம் ஆகியவற்றுக்கு மட்டும் விடுங்கள். சட்டத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவையுங்கள்.

உப்பளத்து ஜீப்:

அளந்தாச்சு. வெளிக்காது ஓட்டை 15.2 x 13.0, உள்காது 14.3 x 12.8. காது கனம் வெளி 5.0, உள் 4.6. வலது பக்கம் தேயாத காது 5.2. காது இடைவெளி புதுக் குழாயைவிட 1.8 மி.மீ. அதிகம். பட்டைக்காரர் சொன்னபடியே சென்டர் போல்ட் கழுத்துல வளைஞ்சிருக்கு. ஹேங்கரைச் சுத்திச் சட்டத்தை ஸ்குரூடிரைவரால குத்திப் பார்த்தேன், சுத்தியலால தட்டியும் பார்த்தேன், கணீர்னு சத்தம் வருது, உள்ள இறங்கல. இதுக்கு வெல்டு போதுமா?

கீழக்கரை லேத்:

போதும். மூணுல ரெண்டு பங்குக்குக் கீழ கனம் இறங்கியிருந்தா, காது அடியில விரிசல் இருந்தா, இல்ல சட்டம் தட்டும்போது டொக்குன்னு கேட்டா, ஹேங்கரையே மாத்தச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு இரும்பு இருக்கு, ஓட்டை மட்டும்தான் போயிருக்கு.

ஓட்டையை வெல்டு வச்சு அடைச்சு மறுபடி துளைக்க வேணாம். துளைக்கிற பிட்டு கெட்டி, மெது மாறி மாறி வர்றதால இழுத்துட்டுப் போகும், ரெண்டு காது ஓட்டையும் நேர்கோட்டுல வராது. 6 மி.மீ. பிளேட்டுல 50 மி.மீ. வட்டத் தகடு ரெண்டு லேத்துல கடைஞ்சு, நடுவுல 12.2 ஓட்டை போடுங்க. காதுகளோட வெளிமுகத்துல ஒண்ணொண்ணா வரும். உள்முகத்துல வச்சா புஷ்ஷுக்கு இடம் பத்தாது. வெளியில 12 மி.மீ. கூடுறதால போல்ட்டும் அவ்வளவு நீளமா வாங்கணும். மரை இல்லாத தண்டு ரெண்டு தகட்டையும் தாண்டி வரணும், மரை ஓட்டைக்குள்ள இருந்தா அரம் மாதிரி அறுக்கும்.

இடம் குறிக்கிறதுலதான் கவனம். ஓட்டை நீண்டுட்டதால பழைய மையம் எதுன்னு அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. வலது ஹேங்கர் ஓட்டை மையத்திலிருந்து சட்டத்துல ஒரு குறுக்குச்சட்டம் வரைக்கும் அளந்து, அதே அளவை இடதுல போடுங்க. மேல கீழயும் அப்படியே. ஒரு மி.மீ. பிசகினாலும் பின் ஆக்ஸில் கோணலா நிக்கும்.

12 மி.மீ. நேரான உருண்டைக் கம்பி ஒண்ணை ரெண்டு தகடு, ரெண்டு காது வழியாக் கோத்து, காதுகளுக்கு நடுவுல இடைவெளி அளவுக்கே வெட்டின குழாய்த் துண்டு ஒண்ணு வச்சுருங்க. வெல்டு சூட்டுல காது உள்ள மடங்காம அது தாங்கும். தகட்டுக்கு நாலு பொட்டு வெல்டு வச்சதும் ஆறவிட்டுக் கம்பியைக் கையால திருப்பிப் பாருங்க. லேசா சுத்தினா மேல போங்க, பிடிச்சா பொட்டை அறுத்துட்டு மறுபடி. அப்புறம் 25 மி.மீ. நீளத்துக்கு எதிரெதிராக் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டணும்.

7018 வெல்டிங் ராடு, 3.15 மி.மீ., 110 ஆம்பியர் பக்கம். இந்த ராடு ஈரத்தை இழுக்கும். கடலோரப் பட்டறையில திறந்து கிடந்த கட்டு வேணாம், அதுல வைக்கிற வெல்டு ஹைட்ரஜன் ஏறி விரிசல் விடும். சீல் பிரிக்காத பாக்கெட் வாங்குங்க. பேட்டரியில நெகட்டிவ், ஆல்டர்னேட்டர் வயர் ரெண்டும் கழட்டணும். எர்த் கிளாம்ப் ஹேங்கர்மேலயே இருக்கட்டும். பட்டை, பிரேக் பைப் மேல தகரம் மறைச்சுருங்க. பட்டைமேல ஒரு பொறி பட்டு ஒட்டினாலும் அந்தப் புள்ளி கண்ணாடி மாதிரி இறுகி அங்கிருந்தே விரிசல் ஓடும். போல்ட் தலைக்கு வெல்டு வேணாம்னு சொன்னதும் இதனாலதான், ஹைடென்சில் போல்ட்டோட பதம் போயிரும்.

இடைவெளி 1.8 அதிகம்னீங்க. நட்டை முறுக்கியே காதை உள்ள இழுத்துராதீங்க, காது அடியில நிரந்தர வளைவு விழுந்து வெல்டு ஓரத்துல கிழியும். புஷ்ஷுக்கு ரெண்டு பக்கமும் முக்கால் மி.மீ. ஷிம் வாஷர் ஒவ்வொண்ணு வைங்க. மிச்சம் 0.3 மி.மீ. நட்டு இழுத்துக்கும். உள்முகத்தைத் துரு போகத் தேய்ச்சு மெல்லிசா துத்தநாகப் பிரைமர் மட்டும்.

பாம்பன் தார்:

இடையில ஒரு கேள்வி அண்ணே. 2020க்கு அப்புறம் வந்த புது மகிந்திரா தார் வண்டியில இந்தக் கணக்கு பொருந்துமா?

பரமக்குடி பட்டை:

அதுல பட்டையே கிடையாது தம்பி, நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங். 2010ல வந்த பழைய தார் சி.ஆர்.டி.இ.யில முன்னால டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி), பின்னால பட்டை. அதோட பின்பக்கத்துக்கு மேல சொன்னது எல்லாம் பொருந்தும். புதுசுல பின் ஆக்ஸிலைப் பிடிக்கிற ஆர்ம் ரெண்டு முனையிலும் ரப்பர் புஷ்தான். அதனால எடை தரையில நிக்கும்போது கடைசி முறுக்குங்கிற விதி அங்கயும் அப்படியே. டார்க் எண் மட்டும் அந்த வண்டிக் கையேட்டுலயே பாருங்க.

உப்பளத்து ஜீப்:

தகடு கடையக் கொடுத்தாச்சு. முறுக்கி முடிச்சப்புறம் மறுபடி எப்பப் பார்க்கணும்?

பரமக்குடி பட்டை:

யூ போல்ட்டை முதல் 100 கி.மீ.யில ஒரு தடவை, 500ல ஒரு தடவை. புதுப் பட்டைக் கட்டு அடங்கி உட்காரும்போது இறுக்கம் குறையும். 500ல நட்டு கால் சுத்துக்கு மேல ஏறிச்சுன்னா எங்கயோ உட்காரல, தட்டைக் கழட்டிப் பாருங்க. அப்புறம் மாசம் ஒரு தடவை, ஆடிக் காத்து முடிஞ்சதும் ஒரு தடவை, ஐப்பசி மழை தொடங்குறதுக்குள்ள ஒரு தடவை. நட்டுக்கும் தட்டுக்கும் குறுக்க மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு போட்டுட்டா ஸ்பேனரே வேணாம், கோடு விலகினது கண்ணுலயே தெரியும்.

கீழக்கரை லேத்:

போல்ட்டை வெளிப்பக்கத்திலிருந்து உள்ள செலுத்துங்க, நட்டு சட்டத்துப் பக்கம் வரட்டும். அடுத்த தடவை சிக்கினா வெளிய இழுக்க இடம் இருக்கும், அறுக்க வேண்டி வராது.